துரு இல்லாத வண்டி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வீடு. ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அதில் அவருடைய வண்டி இருந்தது. நான் டைப்பிஸ்ட்டாக வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில், "சக்களத்தி சௌக்கியமா?" என்று என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. சக்களத்தியாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்து ஒரு சண்டையாவது போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இது நாலு சக்கரமும் இரண்டு கதவும் உள்ள இரும்பு. திட்டினால் திட்டியவளுக்குத்தான் தொண்டை வலி.

மகள் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்ட வண்டி என்பதால் அவள் அதை 'அக்கா' என்பாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும், போன் செய்தால் முதலில் கேட்பது, "அக்கா எழுந்து நடந்தாளாம்மா?" என்றுதான். அக்கா நடக்கவில்லை. வாங்கிக் கொண்டுவந்த அன்றைக்கே ஷெட்டில் நிறுத்திப் பிரித்துப் போட்டார். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்த வண்டியில் நான் ஒரு நாள்கூடப் போனதில்லை. இவரும்தான் போனதில்லை. வேலைக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார்.

இவர் பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் தகடு வேலை பார்த்தவர். அங்கே இவருக்குப் பெயர் மில்லிமீட்டர். மற்றவர்கள் கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டதை இவர் அளந்து பார்த்துச் சரியில்லை என்பார். "பஸ்ஸு அரை மில்லி சாஞ்சா உள்ள இருக்கறவங்க என்ன கீழயா கொட்டிடப் போறாங்க?" என்று மேஸ்திரி ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு நாள் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையில் செல்லுபடியாகாத அவ்வளவு சுத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த வண்டியின் மேல் காட்டினார்.

கூரையை வெட்டி நாலு விரல் இறக்கினார். மட்கார்டுகளை அகலப்படுத்தினார். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை வழவழவென்று மூடினார். கதவு எங்கே தொட்டால் திறக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு எஞ்சின் போட்டார். அது பிடிக்காமல் இன்னொன்று போட்டார். எஞ்சின் உட்காரும் இடத்தில் கம்பெனிக்காரன் விட்டிருந்த ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, ஒயர்களையெல்லாம் கண்ணில் படாமல் ஓட்டி, பானெட்டைத் திறந்தால் கழுவி வைத்த பீங்கான் கிண்ணம் மாதிரி ஆக்கினார். "முடிஞ்சுதா?" என்று கேட்டால், "இன்னும் ஒரே ஒரு வேலைதான்" என்பார். அந்த ஒரே ஒரு வேலையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

இவர் பட்டி பூசமாட்டார், அதையும் சொல்ல வேண்டும். நெளிந்த தகட்டை நிமிர்த்தாமல் மேலே பட்டியை அப்பித் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பதுதான் ஊரில் எல்லோரும் செய்வது. இவரிடம் அதைச் சொன்னால் கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி முகம் போய்விடும். துருவும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஈரம் ஏறக் கூடாது என்று ஷெட்டில் ஹீட்டர் எரியும். எங்கள் படுக்கையறையில் நான் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

போன வருடம் இவருடைய வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. போல்ட்டில் நட்டை ஏற்றும்போது முதல் சுற்றே பிடிக்காமல் வழுக்கி விழுந்தது. நட்டைத் திட்டினார், நட்டு செய்த கம்பெனியைத் திட்டினார். பிறகு டீ டம்ளர் ஆடியது. கையெழுத்து ஆடியது. நரம்பு டாக்டரிடம் போனோம். இது மெதுவாக ஏறும், ஆனால் ஏறினது இறங்காது என்றார் அவர். பட்டறை வேலையை விட வேண்டியதாயிற்று.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று இவர் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

"இப்ப ஓட்டலாம். வருஷக் கடைசியில லைசென்ஸ் புதுப்பிக்க என்கிட்டதான வருவீங்க, அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்களுக்கும் நல்லதில்ல, ரோட்டுல போறவங்களுக்கும் நல்லதில்ல."

வருஷக் கடைசிக்கு அப்போது நாலு மாதம் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நாலு மாசத்துல முடிச்சிடறேன். உன்னைப் பக்கத்துல உட்கார வெச்சு மலைப்பாதையில உச்சி வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு வந்துடறேன். அப்புறம் சாவியை நீயே வெச்சுக்க." வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு, "சரிங்க" என்றேன். எனக்கும் ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருபத்து மூன்று வருடமும் ஆசையாகத்தான் இருந்தது.

அந்த நாலு மாதமும் நான்தான் இவருக்குக் கை. அலுவலகம் விட்டு வந்ததும் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுவேன். இவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். "அரைச் சுத்து. இன்னும் கொஞ்சம். போதும் போதும், கால் சுத்துப் பின்னாடி வா." கொஞ்சம் கூடிப்போனால் பல்லியைப் போல நாக்கைத் தட்டுவார்.

"டைப் அடிக்கிற விரல்தானே, எதுக்கு இவ்வளவு முரட்டுத்தனம்?"

"உங்க பெரிய பொண்ணுக்கு வலிக்குதாக்கும்!"

பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். தலைமுடியெல்லாம் கிரீஸ். எது எதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தபின் தப்பாகச் சொல்லி அவரை வெறுப்பேற்றவும் கற்றுக்கொண்டேன். சண்டை போட்டுக்கொண்டேதான் முடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஞ்சின் ஓடியது. ஷெட்டுத் தகரம் முழுக்க அதிர்ந்தது. இவர் ரேடியேட்டரில் என்னவோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டு, ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

வருஷம் முடிய மூன்று வாரம் பாக்கி. பதிவு என்றைக்கோ காலாவதியான வண்டி. இப்படி மாற்றிக் கட்டிய வண்டியைப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கினால்தான் ரோட்டில் இறக்கலாம். "யாருக்குத் தெரியப் போகுது? விடியறப்ப ஒரு சுத்து போயிட்டு வந்து சத்தமில்லாம மூடிடலாமே" என்றேன்.

"திருட்டு வண்டி மாதிரியா?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. லாரி பிடித்து, அதன் மேல் ஏற்றிக் கொண்டுபோனோம்.

பரிசோதனைக் கூடம் பெரிய சிமென்ட் மைதானம். தரையெல்லாம் மஞ்சள் கோடு. எங்கள் வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். சட்டைப் பையின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. "நாம பேசறது எல்லாம் இதுல பதிவாகும் சார். எல்லாருக்கும் இதான் முறை" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிரேக் பார்த்தாள். விளக்கு, புகை, ஸ்டியரிங் எல்லாம் பார்த்தாள். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி இருக்கிறதா என்று காட்டும் ஒரு கருவியை வைத்து வண்டியைச் சுற்றி வந்தாள். இரண்டாவது தடவையும் சுற்றி வந்தாள்.

"பட்டியே இல்லையா சார்? ஒரு இடத்துலகூடவா?"

"எதுக்கு?" என்றார் இவர்.

"மாசத்துக்கு நூறு வண்டி பார்க்கறேன். இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல." அவள் மனசாரத்தான் சொன்னாள். இவர் தரையில் கால் பாவாமல் நின்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதில் பாதி நட்டு நான் முடுக்கியதாயிற்றே. அப்புறம் அவள் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, குச்சியில் கட்டிய கண்ணாடியை உள்ளே விட்டு ஒரு நிமிடம் தேடினாள்.

"சேஸிஸ் நம்பர் எங்க சார்?"

இவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஆணி அடித்திருந்த சின்னப் பிளேட்டைக் காட்டினார்.

"பிளேட்டை இப்பல்லாம் ஏத்துக்கறதில்ல சார். யார் வேணாலும் கழட்டி வேற வண்டியில மாட்டிக்கலாம். தகட்டுலயே குத்தின நம்பர் வேணும். இந்த மாடலுக்கு எஞ்சினுக்குப் பின்னாடி, தகட்டுச் சுவர்ல வலது பக்கமா இருக்கணும்."

அந்த நம்பரை நான் பார்த்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயந்திரம், சாப்பாடு ஆறிப்போகிறதே என்ற எரிச்சலோடு ஷெட்டுக்குப் போயிருந்தேன். எஞ்சினை எடுத்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து வழவழப்பாக்கிய இடத்தை எனக்குக் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனசு வரவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். "எல்லாம் சரி, அந்த மூலையில மட்டும் என்னவோ அம்மைத் தழும்பு மாதிரி நம்பர் குத்தியிருக்கே, அசிங்கமா இருக்கு" என்றேன். அடுத்த வாரம் போனபோது தழும்பைக் காணோம். இருபத்து மூன்று வருடத்தில் என் பேச்சைக் கேட்டு அந்த வண்டியில் அவர் செய்த ஒரே மாற்றம் அது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

"இருந்தது. எடுத்துட்டேன்" என்றார் இவர்.

"தேய்ச்சு எடுத்தீங்களா?"

"தேய்ச்சா அந்த இடம் மெலிஞ்சுடும், அப்புறம் பட்டிதான் பூசணும். அந்தத் துண்டையே வெட்டி எடுத்துட்டு வேற தகடு வெச்சுப் பத்தவெச்சேன். பழைய துண்டு இரும்புக் கடைக்குப் போயிடுச்சு."

அவள் டார்ச்சைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எங்க சார்? ஜாயின்ட்டே தெரியலயே."

"இங்கதான்" என்று இவர் விரலை வைத்தார். விரல் ஆடிக்கொண்டே போயிற்று. "இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ. இல்ல, இரு." கண்ணைத் தகட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். வலமும் இடமும் தடவினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்திலும் மனுஷனுக்குச் சிரிப்பு வருகிறது. "எனக்கே தெரியல" என்றார்.

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு அட்டையில் செருகியிருந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "சார், நம்பர் இருந்த தகட்டை மாத்தினா காரணம் எழுதணும். ஃபாரத்துல மூணே மூணு காரணம்தான் இருக்கு. விபத்து, தீ, துரு. இதுல ஒண்ணுன்னா பழுது பார்த்ததுன்னு எழுதி மேல அனுப்பிடுவேன். பத்து நாள்ல புது நம்பர் குத்திக் குடுத்துடுவாங்க."

"மூணும் இல்லைன்னா?" என்று நான் கேட்டேன்.

"வேணும்னே எடுத்ததுன்னு ஆயிடும்மா. வண்டி இங்கயே நின்னுடும். நசுக்கிடுவாங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் இவர் முகத்தையே பார்த்தாள். மூன்றாவது கட்டத்தின் மேல் பேனா முனையை வைத்தாள். "பழைய வண்டி. அந்த மூலையில தண்ணி இறங்கும். துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும். அதனாலதான வெட்டினீங்க சார்?"

ஆமாம் என்று ஒரே ஒரு சொல். தலையை ஆட்டினால்கூடப் போதும். இதைவிடத் தெளிவாக ஒரு அதிகாரி எப்படி வழி காட்டுவாள்?

"துருவா?" என்றார் இவர். "என் வண்டியிலயா?"

நான் அவர் முழங்கையில் கிள்ளினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. "எங்க வேணா டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு புள்ளி துரு காட்டுங்க பார்ப்போம்! வாங்கின நாள்லேர்ந்து இதுல துரு ஏறினதில்ல. மழைன்னா ஹீட்டர் போட்டு வெச்சிருக்கேன். அந்தத் தகடு எவ்வளவு நல்ல தகடு தெரியுமா? பார்க்க நல்லா இல்லைன்னுதான் எடுத்தேன்."

"துருதாம்மா" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அவருக்கு மறதி. நான் என் கண்ணால பார்த்தேன், பெரிய ஓட்டை, கை நுழையற மாதிரி."

"பொய் சொல்லாதே!" என்று அந்நியப் பெண் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார். கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் தன் சட்டையில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தாள்.

"சார்... பதிவாயிடுச்சு."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட என் மேல் வந்த ஆத்திரம் பெரிது. "நான்தாம்மா காரணம். அசிங்கமா இருக்குன்னு நான்தான் சொன்னேன். நான் சொன்னதுக்காகத்தான் எடுத்தார். அதை எழுதிக்கங்க" என்றேன். பெண்டாட்டி குறை சொன்னாள் என்பதற்கு அந்த ஃபாரத்தில் கட்டம் இல்லை.

"இவ எதுவும் சொல்லல" என்றார் இவர். "இவ ஷெட்டுப் பக்கம் வந்ததே கிடையாது. எனக்கே பிடிக்கல, எடுத்தேன்." துருவுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆள் இதைத் திக்காமல் திணறாமல் சொன்னார்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. நிறுத்திவைப்புச் சீட்டு எழுதினாள். இனி எஞ்சினை ஓட்டக் கூடாது என்று பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னாள். கண்கள் கலங்கியிருந்ததை மறைக்கச் சத்தமாகப் பேசினாள், பாவம். சிவப்புச் சீட்டின் பின்பக்கத் தாளை உரித்து பானெட்டின் மேல் ஒட்டப் போனாள்.

"பெயின்ட்ல ஒட்டாதீங்கம்மா" என்றார் இவர். "பசை பிடிச்சா போகாது. கண்ணாடியில ஒட்டுங்க."

அவள் சீட்டை பானெட்டிலிருந்து விலக்கினாள். பிறகு கண்ணாடியில் ஒட்டினாள்.

மைதானத்தின் கோடியில் ஒரு வரிசையாக வண்டிகள் நின்றன. பட்டி உதிர்ந்தது, முகம் நசுங்கினது, கண்ணாடி இல்லாதது. எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு. அதற்கு அந்தப் பக்கம் நசுக்கும் எந்திரம். எங்கள் வண்டியை அந்த வரிசைக்குத் தள்ள நாலு தொழிலாளிகள் வந்தார்கள். "யாராவது ஸ்டியரிங் பிடிக்கணும்" என்று அதில் ஒருவர் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே திறக்கும் என்று தெரியவில்லை. இவர் போய்த் திறந்து உள்ளே உட்கார்ந்தார். எட்டி என் பக்கத்துக் கதவையும் தள்ளிவிட்டார்.

"ஏறு."

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு."

ஏறினேன். அவர் கதவைச் சாத்தச் சொன்ன விதத்தில் சாத்தினேன். பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. நாலு பேருடைய செருப்புச் சத்தமும் சிமென்ட்டில் டயர் உருளும் சத்தமும்தான். ஸ்டியரிங்கின் மேல் அவருடைய கட்டைவிரல் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் மேல் இருந்த கோபம் எது, பாசம் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அழுதேன், துடைத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியா" என்றார். "நேரா போகுது. எந்தப் பக்கமும் இழுக்கல."

"ஆமாங்க. இழுக்கல."

நாற்பது ஐம்பது அடி வந்திருப்போம். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு வேனின் முதுகு எதிரில் வந்துகொண்டிருந்தது. "போதும் சார், பிரேக் போடுங்க" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். இவர் போடவில்லை. போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. வண்டி தன் பாட்டுக்கு இன்னும் மூன்று அடி உருண்டது. அப்புறம்தான் பிரேக்கை மிதித்தார்.